பெல்கிரேடில் இடிப்பதும் கட்டுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செர்பியாவின் தலைநகரான பெல்கிரேடில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு சண்டை நடக்கிறது. ஆற்றங்கரையில் கோபுரங்கள் எழுகின்றன, பழைய கட்டிடங்கள் போகின்றன, மக்கள் தெருவுக்கு வருகிறார்கள். அதைப் பற்றி வரும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை இங்கே பதில் எழுதியிருக்கிறேன். அக்கம்பக்கத்துத் தலைநகரங்களான ஸ்கோப்யே, திரானா பற்றியும் கொஞ்சம் உண்டு.

பெல்கிரேடா? அந்த ஊருக்கும் நமக்கும் என்ன?

பழைய ஆட்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானதுதான். 1961 செப்டம்பரில் அணிசேரா நாடுகளின் முதல் உச்சி மாநாடு பெல்கிரேடில்தான் நடந்தது. யூகோஸ்லாவிய அதிபர் டிட்டோ கூட்டிய அந்த மாநாட்டுக்கு இந்தியாவிலிருந்து நேருவும், இலங்கையிலிருந்து சிறிமாவோ பண்டாரநாயக்காவும் போயிருந்தார்கள். அன்று அது யூகோஸ்லாவியாவின் தலைநகரம். இன்று அந்த நாடே இல்லை, ஏழு துண்டாகிவிட்டது. ஆனால் அந்தக் காலத்தில் எழுப்பிய கட்டிடங்கள் இன்னும் நிற்கின்றன. இன்றைய சண்டையில் பாதி அவற்றைப் பற்றியதுதான்.

அடிக்கடி போரில் அழிந்த நகரம் என்கிறார்களே, அங்கே பழமை என்று என்ன மிச்சம் இருக்கிறது?

சாவா ஆறு டான்யூபில் கலக்கும் முனையில் இருக்கிறது நகரம். ரோமானியர் காலத்தில் சிங்கிடுனும் என்று பெயர். துருக்கிய ஒஸ்மானியரும் ஆஸ்திரிய ஹாப்ஸ்பர்க் அரசும் மாறிமாறிப் பிடித்த ஊர். முதல் உலகப்போரில் ஆஸ்திரிய பீரங்கிகள் தாக்கின. 1941 ஏப்ரல் 6 அன்று ஹிட்லரின் விமானங்கள் குண்டு போட்டன. அன்று தேசிய நூலகம் எரிந்து, நூற்றாண்டுக் கணக்கான கையெழுத்துச் சுவடிகள் சாம்பலாயின. 1944இல் நேச நாடுகளின் குண்டுகள். 1999இல் நேட்டோவின் குண்டுகள்.

அதனால் பெல்கிரேடில் ஒரே காலத்துத் தெரு என்று ஒன்றைக் காண்பது கடினம். துருக்கிய பாணி வீட்டுக்குப் பக்கத்தில் வியன்னா பாணி வங்கி நிற்கும், அதற்குப் பக்கத்தில் 1960களின் கான்கிரீட். வெளியூர்க்காரர் கண்ணுக்கு இது அலங்கோலமாகத் தெரியலாம். என் கண்ணுக்கு, இந்தக் கலவைதான் அந்த ஊரின் வரலாற்று ஆவணம். ஒவ்வொரு அழிவுக்குப் பிறகும் எது தப்பியது, எதைப் புதிதாகக் கட்டினார்கள் என்பதைத் தெருவிலேயே படிக்கலாம். இந்த மாதிரி ஊரில் ஒரு கட்டிடம் போனால், அதே காலத்துக்குச் சாட்சி சொல்ல இன்னொன்று இருக்கும் என்று நம்ப முடியாது.

‘பெல்கிரேட் வாட்டர்ஃப்ரண்ட்’ என்றால் என்ன?

செர்பிய மொழியில் ‘பெயோகிராட் நா வோதி’, அதாவது ‘தண்ணீர் மேல் பெல்கிரேட்’. சாவா ஆற்றின் வலது கரையில் ரயில்வே யார்டுகளும் கிடங்குகளுமாக இருந்த நிலத்தில் ஆடம்பர அடுக்குமாடிகள், ஹோட்டல்கள், ஒரு பெரிய மால், 168 மீட்டர் உயரக் கோபுரம் ஆகியவற்றைக் கட்டும் திட்டம். திட்டப் பகுதியின் பரப்பு சுமார் 177 ஹெக்டேர். நம் கணக்கில் நானூறு ஏக்கருக்கு மேல், அதுவும் தலைநகரின் நட்டநடுவே, ஆற்றை ஒட்டி.

2015 ஏப்ரலில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரு பக்கம் செர்பிய அரசு, மறுபக்கம் அபுதாபியைச் சேர்ந்த ஈகிள் ஹில்ஸ் என்ற கட்டுமான நிறுவனம். கூட்டு நிறுவனத்தில் ஈகிள் ஹில்ஸுக்கு 68 சதவீதம், அரசுக்கு 32. நிலத்தைக் காலி செய்து கொடுப்பதும், சாலை, குழாய், மின்சாரம் போடுவதும் அரசின் பொறுப்பு. மேடைகளில் 350 கோடி யூரோ என்று பேசினார்கள். ஒப்பந்தத்தின் வாசகம் பின்னால் வெளியானபோது, முதலீட்டாளர் கட்டாயமாகக் கொண்டுவர வேண்டிய தொகை அதைவிட மிகமிகக் குறைவு என்று தெரிந்தது.

ரயில்வே யார்டைக் காலி செய்து வீடு கட்டினால் நல்லதுதானே? எதற்கு எதிர்ப்பு?

நியாயமான கேள்வி. நகரின் நடுவில் ரயில் பாதைகள் ஆற்றை மறித்துக்கொண்டு கிடப்பது யாருக்கும் பிடிக்கவில்லை. அவற்றை அகற்றி நகரத்தை ஆற்றோடு சேர்க்க வேண்டும் என்று பெல்கிரேடின் கட்டிடக் கலைஞர்களே பல பத்தாண்டுகளாகத் திட்டம் போட்டுவந்தார்கள். மாற்று ரயில் நிலையத்தின் வேலை 1977இலேயே தொடங்கிவிட்டது. ஆக, ‘எதுவும் மாறக்கூடாது’ என்று எதிர்ப்பாளர்கள் கிளம்பியதாகச் சொல்வது சரியல்ல.

எதிர்ப்பு, முடிவெடுத்த விதத்துக்கு. நகரின் மாஸ்டர் பிளானில் அந்த இடத்துக்கென்று சில நிபந்தனைகள் இருந்தன. மலைச்சரிவில் இருக்கும் பழைய நகரம் ஆற்றிலிருந்து பார்க்கும்போது மறையக்கூடாது. அங்கே பெரிதாக எதைக் கட்டினாலும் போட்டி வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2014இல் மாஸ்டர் பிளானைத் திருத்தி அந்தத் தடைகளை எடுத்தார்கள். அதற்குள் முதலீட்டாளரின் மாதிரி வடிவம் ஏற்கனவே காட்சிக்கு வந்திருந்தது. முறைப்படி திட்டம் வந்த பிறகுதான் கட்டிடம் வரும். இங்கே கட்டிடத்தை முடிவு செய்துவிட்டு அதற்கேற்ற திட்டத்தை எழுதினார்கள்.

அப்புறம் 2015இல் நாடாளுமன்றம் ஒரு தனிச்சட்டம் போட்டது. தனியார் வீடுகளையும் கடைகளையும் கையகப்படுத்த ‘பொது நலன்’ என்ற காரணம் வேண்டும் அல்லவா? விற்பனைக்கான ஃபிளாட்டுகளையும் வணிக வளாகத்தையும் கட்டுவதையே பொது நலன் என்று அந்தச் சட்டம் அறிவித்தது. செர்பியாவின் கட்டிடக் கலை அகாதெமி அதே ஆண்டு இந்தத் திட்டத்தை நிறுத்தச் சொல்லி அறிக்கை விட்டது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

2016இல் ஒரு ராத்திரியில் தெருவையே இடித்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. நாட்டில் தேர்தல் முடிந்து வாக்கு எண்ணிக்கொண்டிருந்த இரவு அது: 2016 ஏப்ரல் 24, விடிந்தால் 25. சவமாலா பகுதியில் ஹெர்செகோவாச்கா என்று ஒரு தெரு. திட்டப் பகுதிக்குள் இருந்தது. காலியாகாத சில கட்டிடங்கள் அங்கே மிச்சம். முகமூடி போட்ட சுமார் முப்பது பேர் புல்டோசர்களோடு வந்தார்கள். காவலுக்கு இருந்தவர்களையும் அந்த வழியாகப் போனவர்களையும் பிடித்துக் கட்டிப்போட்டார்கள், போன்களைப் பறித்தார்கள். பொழுது விடிவதற்குள் கட்டிடங்கள் கல்லும் மண்ணுமாகக் கிடந்தன.

அக்கம்பக்கத்தவர் போலீஸுக்குப் போன் செய்தார்கள். ஒருவர் இருவர் அல்ல, பலர். போலீஸ் வரவில்லை. நாட்டின் மக்கள் குறைகேள் அதிகாரி, அதாவது ஒம்புட்ஸ்மன், விசாரித்து வெளியிட்ட அறிக்கையில் அது தற்செயல் அல்ல என்று தெரிந்தது. அழைப்புகளுக்குப் போக வேண்டாம், வேறு இடத்துக்குக் கைகாட்டிவிடு என்ற ஏற்பாடு உள்ளேயே இருந்திருக்கிறது. அன்றிரவு கட்டிப்போடப்பட்ட காவலாளிகளில் ஒருவர் சில வாரங்களில் மருத்துவமனையில் இறந்துபோனார்.

அப்போது பிரதமராக இருந்த அலெக்சாண்டர் வூசிச்சே, இதன் பின்னால் நகர நிர்வாகத்தின் உச்சியில் இருப்பவர்கள் உண்டு என்று பொதுவெளியில் சொன்னார். ஆனால் உச்சியில் இருந்த எவரும் தண்டனை பெறவில்லை. ஒரு போலீஸ் அதிகாரி குற்றத்தை ஒப்புக்கொண்டு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை பெற்றதோடு சரி.

இதை நான் இவ்வளவு நீளமாகச் சொல்லக் காரணம் உண்டு. அன்று விழுந்தவை அரண்மனைகள் அல்ல. பட்டறை, அலுவலகம், சின்னச் சின்னக் கட்டிடங்கள். பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் பார்த்தால் பெரிதாக எதுவும் போகவில்லை என்றுகூடத் தோன்றும். போனது வேறு. என் வீட்டை இடிக்க வருபவர் பகலில், காகிதத்தோடு, தன் முகத்தைக் காட்டிக்கொண்டுதான் வருவார் என்ற நம்பிக்கை ஒரு நகரத்தில் இருக்கும் அல்லவா? பெல்கிரேட்காரர்களுக்கு அன்றிரவு போனது அதுதான். பிறகு நடந்த ஒவ்வொரு கட்டிடச் சண்டையிலும் ‘சவமாலா’ என்ற பெயர் திரும்பத் திரும்ப வருவது அதனால்தான்.

எதிர்ப்பு ஊர்வலங்களில் வரும் மஞ்சள் வாத்து என்ன?

வாட்டர்ஃப்ரண்ட் திட்டத்தை எதிர்த்த ‘நே தவிமோ பெயோகிராட்’ என்ற இயக்கத்தின் சின்னம். இந்தப் பெயரில் ஒரு சிலேடை இருக்கிறது. ‘பெல்கிரேடை மூழ்கடிக்க விடமாட்டோம்’ என்றும் படிக்கலாம். நடுவில் இரண்டு எழுத்தை அடைப்புக்குள் போட்டுவிட்டால் ‘பெல்கிரேடைத் தரமாட்டோம்’ என்றும் படிக்கலாம். குழந்தைகள் குளியல் தொட்டியில் மிதக்கவிடும் வாத்தைப் பெரிதாகச் செய்து ஊர்வலத்தில் தூக்கிவந்தார்கள். செர்பியப் பேச்சுவழக்கில் வாத்து என்பதற்கு ஏமாற்று என்ற பொருளும் உண்டு. தொடக்கத்தில் சில பேர்தான். திட்டத்தின் மீதான பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு நீச்சல் வளையங்களை மாட்டிக்கொண்டு வந்தவர்கள். சவமாலா இடிப்புக்குப் பிறகு ஆயிரமாயிரமாகச் சேர்ந்தார்கள். அவர்களில் சிலர் பிறகு தேர்தலில் நின்று நகர சபைக்கும் நாடாளுமன்றத்துக்கும் போனார்கள்.

சவமாலா என்பது எப்படிப்பட்ட இடம்?

கோட்டைக்கு வெளியே செர்பியர்கள் திட்டமிட்டு உருவாக்கிய முதல் குடியிருப்புகளில் ஒன்று. 1830களில் மிலோஷ் இளவரசர் காலத்தில் தொடங்கியது. துறைமுகம், சுங்கம், வணிகம் எல்லாம் அங்கேதான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பணக்காரப் பகுதி. அன்று கட்டியதுதான் பெல்கிரேட் கூட்டுறவுச் சங்கத்தின் மாளிகை, 1907இல் முடிந்தது. பிற்பாடு புவியியல் ஆய்வு நிறுவனம் அங்கே குடியேறியதால் ‘கெயோசாவோத்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

பின்னால் லாரிகள் ஓடும் சாலையாகி, பகுதி முழுக்கப் புகை படிந்து கிடந்தது. 2009 வாக்கில் பழைய கிடங்குகளில் கலைக்கூடங்களும் இசை அரங்குகளும் முளைத்தன. வாடகை குறைவு, இடம் பெரிது. வெளிநாட்டுப் பத்திரிகைகள் வந்து புகழ்ந்து எழுதின. அப்புறம் நடந்ததை உலகத்தில் பல ஊர்களில் பார்த்திருக்கிறோம்: கலைஞர்கள் பெயர் வாங்கிக் கொடுத்த பகுதியில் விலை ஏறி, கலைஞர்களே வெளியேற வேண்டி வந்தது. இங்கே கூடுதலாக ஒரு தனிச்சட்டமும் புல்டோசரும் சேர்ந்துகொண்டன.

கெயோசாவோத் மாளிகையை 2014இல் அழகாகப் புதுப்பித்தார்கள். கறுத்துப்போயிருந்த முகப்பைக் கழுவி, வண்ணக் கண்ணாடிகளைச் சீராக்கி, படிக்கட்டை மினுக்கி. வேலை உண்மையிலேயே நன்றாக இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் புதுப்பித்த மண்டபத்தின் நடுவே வைத்தது பெல்கிரேட் வாட்டர்ஃப்ரண்டின் மாதிரி வடிவத்தை. மாளிகை விற்பனை அலுவலகம் ஆனது.

பழைய ரயில் நிலையம் என்ன ஆனது?

இடிக்கவில்லை. 1884இல் திறந்த கட்டிடம், மஞ்சள் நிற முகப்பு. பாரிஸிலிருந்து இஸ்தான்புல் போன ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் நின்ற இடம். 2018 ஜூன் இறுதியில் கடைசி ரயில் கிளம்பியது. தண்டவாளங்களைப் பிடுங்கி, கட்டிடத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். அருங்காட்சியகமாக மாற்றுவதாகத் திட்டம்.

அதன் முன்னால் 2021இல் 12ஆம் நூற்றாண்டில் செர்பியாவை ஆண்ட ஸ்தெஃபான் நெமன்யாவின் சிலையைத் திறந்தார்கள். உயரம் 23 மீட்டர். அதன் அருகில் நூற்றாண்டு கடந்த ரயில் நிலையம் பொம்மை வீடு மாதிரி சிறுத்துப்போனது. ஒரு பழைய கட்டிடத்தைத் தொடாமலே அதன் மதிப்பைக் குறைக்க முடியும் என்பதை நேரில் காட்ட இதைவிட வேறு உதாரணம் எனக்குத் தோன்றவில்லை. இன்னொன்றும் உண்டு: மாற்றாக வந்த நிலையம் நகர மையத்திலிருந்து விலகி, பாதி முடிந்த நிலையில்தான் திறந்தது. ரயில் பிடிக்க வருபவர் முன்பு தெருவிலிருந்து நேரே நடைமேடைக்கு நடந்தார்.

ஜெனரல்ஷ்டாப் விவகாரம் என்ன? ட்ரம்ப் பெயரெல்லாம் அடிபட்டதே?

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். முதலில் கட்டிடம்.

யூகோஸ்லாவிய ராணுவத் தலைமையகம்தான் ஜெனரல்ஷ்டாப். வடிவமைத்தவர் நிகோலா டோப்ரோவிச். போருக்குப் பிறகு பெல்கிரேடின் தலைமைக் கட்டிடக் கலைஞராக இருந்தவர். 1950களின் நடுவில் வேலை தொடங்கி 1965இல் முடிந்தது. பெல்கிரேடில் அவர் வடிவமைத்துக் கட்டி முடிந்தது இந்த ஒன்றுதான். நெமன்யினா தெருவின் இரு பக்கமும் இரண்டு கட்டிடத் தொகுதிகள். இரண்டும் படிப்படியாக ஏறி, தெருவை நோக்கிக் குனிந்து நிற்கும். நடுவில் தெரு ஒரு பள்ளத்தாக்கு மாதிரி போகும். 1943இல் டிட்டோவின் கெரில்லாப் படை பெரும் இழப்போடு முற்றுகையை உடைத்து வெளியேறிய சுத்யெஸ்கா பள்ளத்தாக்கின் நினைவு அது என்று அந்த ஊரில் சொல்வார்கள். சுவரில் செர்பியாவின் கொசியேரிச்சிலிருந்து வந்த செந்நிறக் கல்லும், குரோஷியாவின் பிராச் தீவிலிருந்து வந்த வெள்ளைக் கல்லும். ஒரே நாடாக இருந்தபோது இரண்டு கல்லும் ஒரே சுவரில் சேர்ந்தன.

1999 ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் நேட்டோ விமானங்கள் இதன் மீது குண்டு போட்டன. அதற்குப் பிறகு கால் நூற்றாண்டு அப்படியே கிடந்தது: தளங்கள் சரிந்து, கம்பிகள் தொங்க, நகரின் முக்கியச் சந்திப்பில். 2005இல் அதைப் பாதுகாக்கப்பட்ட பண்பாட்டுச் சின்னமாக அறிவித்தார்கள். அறிவித்தார்களே தவிர, பராமரிக்கவில்லை. ஒரு கட்டிடத்தை இடிக்க நினைப்பவருக்கு இந்த மாதிரி அலட்சியம்தான் பெரிய உதவி. இருபது வருடம் மழையில் விட்டுவிட்டு ‘பாருங்கள், ஆபத்தாக இருக்கிறது’ என்று சொல்லிவிடலாம்.

2024 மே மாதம் அரசு ஒரு ஒப்பந்தம் போட்டது. அமெரிக்க அதிபர் ட்ரம்பின் மருமகன் ஜாரெட் குஷ்னரின் நிறுவனத்துக்கு 99 ஆண்டு குத்தகை. ட்ரம்ப் பெயரில் ஹோட்டலும் ஆடம்பர வீடுகளும் வரும் என்பது திட்டம். 2024 நவம்பரில் அரசு அந்த இடத்தின் பாதுகாப்பு அந்தஸ்தை நீக்கியது. பாதுகாப்பை நீக்க ஒரு நிபுணர் கருத்து வேண்டும். 2025 மே மாதம் பண்பாட்டுச் சின்னப் பாதுகாப்பு நிறுவனத்தின் பொறுப்பு இயக்குநர் கைதானார். அந்த நிபுணர் கருத்தைப் போலியாகத் தயாரித்ததாகக் குற்றச்சாட்டு. அதே நிறுவனத்தின் நிபுணர்கள் பலர் முதலிலிருந்தே எதிர்த்துவந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். தங்கள் வேலையையும் பதவியையும் பணயம் வைத்துப் பேசியவர்கள் அவர்கள்.

அரசு நிற்கவில்லை. 2025 நவம்பரில் நாடாளுமன்றத்தில் இந்த ஒரே இடத்துக்காக ஒரு தனிச்சட்டம் நிறைவேறியது. மாணவர்கள் வந்து கட்டிடத்தைச் சுற்றிக் கைகோத்து நின்றார்கள். டிசம்பரில் அரசு வழக்கறிஞர்கள் கலாச்சார அமைச்சர் மீதும் வேறு சில அதிகாரிகள் மீதும் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தார்கள். தான் தவறு செய்யவில்லை என்கிறார் அமைச்சர். அதே நாட்களில் குஷ்னரின் நிறுவனம் திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது.

குண்டு விழுந்த இடிபாட்டை எதற்குக் காப்பாற்ற வேண்டும்? பார்க்கவே வருத்தமாக இருக்கிறதே.

செர்பியாவிலேயே இப்படிக் கேட்பவர்கள் உண்டு, அவர்களைக் குறை சொல்ல முடியாது. தினமும் வேலைக்குப் போகும் வழியில் அந்தச் சிதைவைப் பார்ப்பவருக்கு அது பாரம் அல்லவா?

ஆனால் இரண்டு விஷயங்களைச் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறோம். இப்படியே சிதைந்து கிடக்கட்டும் என்று பெரும்பாலோர் கேட்கவில்லை. டோப்ரோவிச்சின் வரைபடங்கள் இருக்கின்றன, புகைப்படங்கள் இருக்கின்றன. சீரமைத்துப் பொதுப் பயனுக்குத் தரலாம், ஒரு பகுதியை மட்டும் நினைவிடமாக வைக்கலாம். பால்கன் நாடுகளிலேயே இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. போஸ்னியாவின் மோஸ்தார் ஊரில் 1993இல் பீரங்கியால் தகர்ந்த பழைய பாலத்தை அதே வகைக் கல்லில் 2004இல் திரும்பக் கட்டினார்கள், அடுத்த வருடம் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. 1992இல் எரிந்த சரயேவோ நகர மண்டபம் 2014இல் திறந்தது. இடிபாடா, ஹோட்டலா என்று இரண்டே வழிதான் இருப்பதாகக் காட்டியது ஹோட்டல் கட்ட விரும்பியவர்கள்.

இரண்டாவது, அந்த இடத்துக்கென்று ஒரு துக்கம் இருக்கிறது. குண்டு போட்ட கூட்டணியில் முதன்மையான நாட்டின் அதிபர் பெயரில், அதே குழியின் மேல் ஆடம்பர ஹோட்டல் என்றால் அரசியலில் எந்தப் பக்கம் இருந்தாலும் பலருக்குத் தொண்டையில் சிக்கத்தான் செய்யும். இதில் இடதும் வலதும் ஒரே ஊர்வலத்தில் நடந்தன.

ஆற்றின் மறுகரையில் இருக்கும் சைமிஷ்தே பற்றி ஏன் அதிகம் பேசுவதில்லை?

பேச வேண்டும். புதிய கோபுரங்களுக்கு எதிரே, சாவாவின் இடது கரையில் 1937இல் கட்டிய கண்காட்சித் திடல் அது. 1941 டிசம்பரில் நாஜிகள் அதை யூதர்களுக்கான வதைமுகாமாக்கினார்கள். 1942 வசந்தத்தில், அங்கே அடைபட்டிருந்த ஆயிரக்கணக்கானோரை, பெரும்பாலும் பெண்களையும் குழந்தைகளையும், விஷவாயு லாரியில் ஏற்றிக் கொன்றார்கள். அந்த லாரி பாலத்தைக் கடந்து நகரத்தின் நடுவே போனது.

போருக்குப் பின் அந்தக் கூடங்களில் ஓவியர்கள், ஏழைக் குடும்பங்கள், பட்டறைகள். உணவகம்கூட நடந்தது. நினைவு மையம் அமைக்கச் சட்டம் வந்தது 2020இல்தான். எழுபத்தெட்டு ஆண்டு கழித்து. காத்திருந்த காலத்தில் கூடங்கள் சிதைந்துபோயின. மையக் கோபுரத்தைச் சீரமைத்திருக்கிறார்கள்.

வேறு எதெல்லாம் போனது, எதெல்லாம் ஆபத்தில் இருக்கிறது?

சாவா மீதிருந்த பழைய ட்ராம் பாலம் போய்விட்டது. 1942இல் ஜெர்மானியர் போட்ட இரும்பு வளைவுப் பாலம். 1944 அக்டோபரில் பின்வாங்கும்போது அதைத் தகர்க்க வெடி வைத்திருந்தார்கள். மிலாதின் சாரிச் என்ற பள்ளி ஆசிரியர் கம்பிகளை வெட்டிக் காப்பாற்றினார் என்று பெல்கிரேடில் தலைமுறையாகச் சொல்கிறார்கள். அந்தப் பாலத்தை 2024 இறுதியில் மூடி, பிறகு கழற்றி எடுத்துவிட்டார்கள். மக்கள் குளிரில் இரவு பகலாக அங்கே காவல் இருந்தும் பயனில்லை.

டான்யூப் கரையில் 1969இல் திறந்த ஹோட்டல் யூகோஸ்லாவியா. அதுவும் போனது. அந்த இடத்தில் உயர்ந்த கோபுரங்கள் வர இருக்கின்றன.

பெல்கிரேட் கண்காட்சி வளாகத்தின் முதலாம் கூடம் இருக்கிறது. அதைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருக்கிறோம். 1957இல் பொறியாளர் பிராங்கோ ஜெஜெல் கணக்குப் போட்டு எழுப்பிய கான்கிரீட் கும்மட்டம், விட்டம் நூறு மீட்டருக்கு மேல், நடுவில் ஒரு தூண் கிடையாது. கண்காட்சிகள் 2027 எக்ஸ்போவுக்காக நகருக்கு வெளியே கட்டும் புதிய வளாகத்துக்குப் போகின்றன. பழைய வளாகத்தின் நிலம் வாட்டர்ஃப்ரண்டின் விரிவாக்கத்துக்குள் வருகிறது.

கலெமெக்தான் கோட்டையில் கேபிள் கார் போட மரங்களை வெட்டினார்கள். நீதிமன்றம் தலையிட்டு வேலையை நிறுத்தியது. ஐரோப்பியப் பாரம்பரிய அமைப்பான யூரோப்பா நோஸ்ட்ரா 2020இல் கோட்டையையும் 2025இல் ஜெனரல்ஷ்டாப்பையும் மிக ஆபத்தில் இருக்கும் ஏழு இடங்களின் பட்டியலில் சேர்த்தது.

இது பெல்கிரேடில் மட்டும்தானா?

இல்லை. வடமாசிடோனியாவின் தலைநகர் ஸ்கோப்யேவைப் பாருங்கள். 1963 ஜூலை 26 அதிகாலை 5:17க்கு நிலநடுக்கம்; ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உலகமே உதவிக்கு வந்தது, ஜப்பானியக் கட்டிடக் கலைஞர் கென்சோ டாங்கே நகர மையத்துக்குத் திட்டம் வரைந்தார். பழைய ரயில் நிலையத்தின் கடிகாரம் இன்றும் அதே நேரத்தில் நிற்கிறது. அப்படித் தோளோடு தோள் கொடுத்து எழுப்பிய கான்கிரீட் நகரத்துக்கு, 2010இல் அரசு ‘ஸ்கோப்யே 2014’ என்ற திட்டத்தில் போலி முகப்பு மாட்டத் தொடங்கியது. தூண்கள், குதிரை வீரர்கள், சிங்கங்கள். 8 கோடி யூரோ என்று தொடங்கிய செலவு 60 கோடியைத் தாண்டியது. 2016இல் மக்கள் அந்த வெள்ளை முகப்புகள் மீது வண்ண வண்ணமாகப் பெயிண்ட் வீசினார்கள். அந்தப் போராட்டத்துக்கு ‘வண்ணப் புரட்சி’ என்றே பெயர்.

அல்பேனியாவின் திரானாவில் 1939இல் இத்தாலியர் கட்டிய தேசிய நாடக அரங்கம் இருந்தது. இடிக்கக்கூடாது என்று நடிகர்களும் மக்களும் இரண்டு ஆண்டுக்கு மேல் காவல் இருந்தார்கள். 2020 மே 17 அன்று, கொரோனா கட்டுப்பாடுகள் நிலவிய நேரத்தில், விடிவதற்கு முன் போலீஸ் உள்ளிருந்தவர்களை இழுத்து வெளியேற்றியது. காலைக்குள் அரங்கம் தரைமட்டம். அந்த முடிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று அடுத்த ஆண்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தபோது அங்கே வெறும் மனைதான்.

சவமாலாவில் நள்ளிரவு, திரானாவில் விடியற்காலை. நேரத்தைக் கவனியுங்கள்.

நோவி சாத் ரயில் நிலைய விபத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. செர்பியாவின் இரண்டாவது பெரிய நகரம் நோவி சாத். 1964இல் கட்டிய அதன் ரயில் நிலையத்தை அண்மையில்தான் புதுப்பித்துத் திறந்திருந்தார்கள். 2024 நவம்பர் 1 அன்று முகப்பின் கான்கிரீட் கூரை விழுந்தது. 16 பேர் இறந்தார்கள். புதுப்பித்தலின் ஆவணங்களை வெளியிடு என்பதுதான், அதன்பின் போராட்டத்தில் இறங்கிய மாணவர்கள் வைத்த முதன்மையான கோரிக்கை. யார் ஒப்பந்தம் எடுத்தது, யார் மேற்பார்வை பார்த்தது, யார் கையெழுத்துப் போட்டது? பெல்கிரேடில் பத்து ஆண்டுகளாகச் சின்னக் குழுக்கள் கேட்டுவந்த அதே கேள்விகள், இப்போது நாடு முழுக்க ஒலித்தன. 2025 ஜனவரியில் பிரதமர் ராஜினாமாவை அறிவித்தார். ஜெனரல்ஷ்டாப்பைச் சுற்றி நின்றவர்கள் அந்த அலையில் வந்தவர்கள்.

வாட்டர்ஃப்ரண்டில் நல்லது எதுவுமே இல்லையா?

இருக்கிறது. ஆற்றோர நடைபாதையில் மாலையில் குடும்பங்கள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வருகின்றன, சைக்கிள் ஓட்டுகிறார்கள். முன்பு அங்கே தண்டவாளத்தைத் தாண்டிப் போவதே சிரமம். அந்த நடைபாதை கிடைத்ததை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அதைப் பெற, போட்டியும் கருத்துக்கேட்பும் முறையாக நடத்தியிருந்தாலும் போதும். முகமூடி தேவைப்பட்டிருக்காது.

இப்போது பெல்கிரேடுக்குப் போனால் எங்கே நடந்து பார்க்கலாம்?

பழைய ரயில் நிலையத்தின் முன் சதுக்கத்தில் தொடங்குங்கள். சிலையின் அடியில் நின்று நிலையத்தைப் பாருங்கள். அப்புறம் ஆற்றுப் பக்கம் இறங்கி சவமாலாவில் கெயோசாவோத் மாளிகை வரை. ஹெர்செகோவாச்கா தெருவில் அன்று இருந்தது எதுவும் இன்று தெரியாது, புதிய கட்டிடங்கள்தான். சதுக்கத்துக்குத் திரும்பி நெமன்யினா தெருவில் மேல்நோக்கி ஏறினால் கால் மணி நேரத்துக்குள் க்னேஸ் மிலோஷ் தெருச் சந்திப்பு வரும். அங்கே இரண்டு பக்கமும் ஜெனரல்ஷ்டாப். இதை எழுதும் இன்றைய நிலையில் நிற்கிறது. தெருவின் நடுவில், சிக்னலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அண்ணாந்து பார்த்தால், சிவப்புக் கல்லும் வெள்ளைக் கல்லும் இன்னும் சுவரில் இருப்பது தெரியும்.